கொழுப்பு போகட்டும், தசை இருக்கட்டும்: எடைப் பயிற்சியையும் கார்டியோவையும் இணைப்பது எப்படி?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் எடையைக் குறைக்க நினைக்கும் ஒவ்வொருவரும் அதன் முடிவுகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பேன். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, எடை கூடுதலான 119 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் குழுவுக்குக் கார்டியோ (நடை, ஓட்டம்போல் மூச்சையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும் பயிற்சி) மட்டும். வாரத்துக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் மெல்லோட்டத்துக்கு ஈடான உழைப்பு. இரண்டாம் குழுவுக்கு வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி மட்டும். மூன்றாம் குழு இந்த இரண்டையும் முழு அளவில் செய்தது. சாப்பாட்டை மாற்றும்படி யாரிடமும் சொல்லவில்லை. இப்படி 8 மாதங்கள் போயின.

கார்டியோ குழுவின் எடை சராசரியாக 1.76 கிலோ குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கு 1.63 கிலோ குறைந்தது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் எடையோ 0.83 கிலோ கூடியிருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்புகிறவர் இதோடு முடிவுக்கு வந்துவிடுவார்: கார்டியோ போதும், டம்பெல் தூக்குவது வீண் வேலை.

ஆய்வாளர்கள் எடையைப் பிரித்தும் அளந்தார்கள். கார்டியோ குழு இழந்த கொழுப்பு 1.66 கிலோ, அதோடு தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத நிறையிலும் ஒரு துளி போயிருந்தது. எடைப் பயிற்சிக் குழுவில் கொழுப்பு கால் கிலோதான் குறைந்தது, ஆனால் கொழுப்பில்லாத நிறை 1.09 கிலோ கூடியது. இரண்டையும் செய்த குழுவில் 2.44 கிலோ கொழுப்பு போய், 0.81 கிலோ கொழுப்பில்லாத நிறை சேர்ந்திருந்தது. முதல் குழுவுக்கும் மூன்றாம் குழுவுக்கும் இயந்திரம் காட்டிய எடை ஏறக்குறைய ஒன்றுதான். உடலுக்குள் நடந்ததோ வேறு வேறு.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் குழு செலவிட்ட நேரம் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கொழுப்பு இழப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், கார்டியோ குழுவுக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. நேரம் மிகக் குறைவு, கொழுப்பைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்பவருக்குக் கார்டியோவே சிக்கனமானது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அப்படியிருந்தும் இரண்டையும் சேர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

எடை என்பதில் என்னென்ன இருக்கிறது

உடல் எடை என்ற ஒற்றை எண்ணுக்குள் எலும்பு, தசை, உள்ளுறுப்புகள், கொழுப்பு, குடலில் இருக்கும் உணவு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் என்று பலவும் அடங்கியிருக்கின்றன. கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. வளர்ந்த ஒருவரிடம் இது அரை கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சோற்றையும் இட்லியையும் திடீரென நிறுத்தியவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ காணாமல் போகிறது. போனதில் பெரும்பங்கு தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும்.

கொழுப்பு அவ்வளவு எளிதாகக் கிளம்பாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உண்பதைவிடச் செலவழிப்பது கூடுதலாக இருந்தால்தான் உடல் அந்தச் சேமிப்பில் கை வைக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014இல் போட்ட கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. ஆக, வியர்வையைக் கொழுப்பு உருகி வழிவதாக எண்ண வேண்டாம். சித்திரை வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர் இழப்பது தண்ணீரையும் உப்பையும்தான். அது ஆபத்தான வேலையும்கூட.

கார்டியோ செய்யும் வேலை

மூச்சையும் இதயத் துடிப்பையும் உயர்த்தி, அந்த உயர்ந்த நிலையைப் பல நிமிடங்கள் தொடர வைக்கும் எந்த இயக்கமும் கார்டியோதான். விரைவு நடை, மெல்லோட்டம், சைக்கிள், நீச்சல், கயிறு தாண்டுதல், பூப்பந்து எல்லாம் இதில் சேரும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. வயிற்றின் உள்ளே, உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு நன்றாகக் குறைகிறது. இவ்வளவும் எடை குறையாவிட்டாலும் கிடைக்கும் பலன்கள்.

கலோரிக் கணக்கு பலரும் நினைப்பதைவிடச் சிறியது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 40 நிமிடம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 160 கலோரி அளவில் கூடுதலாகச் செலவாகும். நாள் தவறாமல் நடந்தாலும் ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். அதுவும் சாப்பாடு துளியும் கூடாமல் இருந்தால். ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயில் மட்டும் 120 கலோரி இருக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடை முடிந்ததும் பூங்கா வாசலில் இரண்டு வடையும் ஒரு காப்பியும் சாப்பிட்டால் கணக்கு நேர்செய்யப்பட்டுவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளர் ஆராய்ந்து 2012இல் எழுதினார். நாள் முழுக்க நடக்கும் அவர்களின் மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலை நாட்டு நகரவாசிகளின் செலவை ஒட்டியே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவருடைய விளக்கம். இது எந்த அளவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்பதில் விவாதம் நடக்கிறது. ஆனால், கார்டியோ நேரத்தை இரட்டிப்பாக்கினால் எடை இழப்பும் இரட்டிப்பாகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போவதை எத்தனையோ பேர் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். கடுமையாக ஓடிய நாளில் மீதிப் பொழுதைச் சோபாவிலேயே கழித்துவிடுவதும் இதில் ஒரு பங்கு.

எடைப் பயிற்சி செய்யும் வேலை

ஒரு சுமையை எதிர்த்துத் தசையை உழைக்க வைத்து, பத்துப் பதினைந்து முறைக்குள்ளேயே அதைக் களைக்க வைப்பது எடைப் பயிற்சி. சுமை டம்பெல்லாக இருக்கலாம், இழுவைப் பட்டையாக இருக்கலாம், நம் உடலாகவே இருக்கலாம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இதைப் பற்றி ஜிம்களில் சொல்லப்படும் ஒரு கதையை முதலில் ஒதுக்கிவிடுவோம். தசை கூடினால் தூங்கும்போதும் நூற்றுக்கணக்கில் கலோரி எரியும் என்பார்கள். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5 கலோரி. ஓராண்டு பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் நாளுக்கு 26 கலோரிதான் கூடும். பயிற்சிக்குப் பிறகும் நீடிக்கும் கலோரிச் செலவு என்பதும் இப்படித்தான்; உண்மை, ஆனால் சிறிய தொகை.

அப்படியானால் எதற்குத் தூக்க வேண்டும்? சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும்போது போவது முழுக்கக் கொழுப்பாக இருப்பதில்லை. உடற்பயிற்சியே இல்லாத உணவுக் கட்டுப்பாட்டில், குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பில்லாத நிறையாக இருக்கும். பத்து கிலோ இறங்கியதாக மகிழ்கிறவர் இரண்டரை கிலோவை இப்படி இழந்திருப்பார். வருமானம் குறைந்த வீட்டில் யாரும் பார்க்காத கேபிள் இணைப்பைத்தான் முதலில் துண்டிப்பார்கள். பற்றாக்குறையில் இருக்கும் உடலும் பயன்படாத தசையை அப்படித்தான் நடத்துகிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறை சுமை தூக்கும் தசை பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி உடலுக்குப் போனால், செலவு வெட்டு கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. எடை குறைப்பில் எடைப் பயிற்சியின் முதல் வேலை இதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது டென்னிஸ் வில்லரியல் தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. 65 வயதைத் தாண்டிய, உடற்பருமன் உள்ள 160 பேர் அதில் பங்கேற்றார்கள். பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று குழுவிலும் எடை 9 சதவீதம் இறங்கியது. கொழுப்பில்லாத நிறை மட்டும் கார்டியோ குழுவில் 5 சதவீதமும், எடைப் பயிற்சிக் குழுவில் 2 சதவீதமும், இணைத்துச் செய்த குழுவில் 3 சதவீதமும் குறைந்தது. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது போன்றவற்றை அளக்கும் உடல் திறன் சோதனையில் தனித்தனியாகச் செய்த இரு குழுக்களும் 14 சதவீதம் முன்னேறின. இணைத்துச் செய்தவர்கள் 21 சதவீதம் முன்னேறினார்கள். மூச்சுத் திறனில் அவர்கள் கார்டியோ குழுவுக்கும், வலிமையில் எடைப் பயிற்சிக் குழுவுக்கும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள். ஒன்றைச் சேர்த்ததால் மற்றொன்றை இழக்கவில்லை.

நமக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டன் நண்பர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) ஒன்றேதான்: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும் போக்கை அந்தப் படம் உலகுக்குச் சொன்னது. இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று வைத்திருப்பதும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை வகுத்திருப்பதும் இதனால்தான். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் உதவியோடு பெருமளவு உள்வாங்கிக்கொள்வது தசை. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. ஏற்கெனவே தசை குறைந்த உடலில் எடை குறைப்பு என்ற பெயரில் மேலும் தசையைக் கரைப்பது எனக்குக் கவலை தருகிறது. பட்டினி கிடந்து, மணிக்கணக்கில் நடந்து, கன்னம் ஒட்டி, தொப்பை மட்டும் அப்படியே இருக்கும் பலரை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். எடை தூக்கினால் ஆண்களைப்போல் உடம்பு திரண்டுவிடும் என்ற அச்சத்தில் பலர் டிரெட்மில்லோடு நின்றுவிடுகிறார்கள். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்ணுடலில் பல மடங்கு குறைவு. வாரம் மூன்று நாள் டம்பெல் தூக்கி யாரும் எதிர்பாராமல் பயில்வான் ஆகிவிடுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் காலத்தில் எலும்புக்குச் சுமை கொடுக்கும் பயிற்சி பெரிய பாதுகாப்பு. ஐம்பதைத் தாண்டிய நம் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல் போனது பெரிய குறை.

ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா

கார்டியோ செய்தால் தசை வளராது என்று ஜிம் நண்பர்கள் எச்சரிப்பார்கள். அதற்கு மூலம் 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. வாரம் ஐந்து நாள் கடும் எடைப் பயிற்சியும், ஆறு நாள் 40 நிமிடக் கடும் கார்டியோவும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை, ஏழு வாரம் வரை எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இணையாக ஏறி, பிறகு நின்று, கடைசி வாரங்களில் இறங்கியது. எண்களைக் கவனியுங்கள்: ஏறக்குறைய நாள்தோறும் இரண்டு கடும் பயிற்சிகள். வாரத்தில் இரண்டு நாள் டம்பெல் தூக்கி நான்கு நாள் நடக்கும் ஒருவருக்கு அந்த நிலை வருவதற்கு வழியே இல்லை. தொடங்குபவர் இதை நினைத்து ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டையும் ஒரே வேளையில் செய்ய நேர்ந்தால் எடைப் பயிற்சியை முன்னால் வைப்பது நல்லது. ஓடிக் களைத்த கால்களோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது உடலை வைத்திருக்கும் நிலை குலையும், தூக்கும் சுமையும் குறையும். தூக்கிக் களைத்த பிறகு நடப்பதில் அத்தனை இடைஞ்சல் இல்லை. கொழுப்பு குறைவதைப் பொறுத்தவரை இந்த வரிசையால் பெரிய வேறுபாடு இல்லை. வெறும் வயிற்றில் கார்டியோ செய்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்பதும் இப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மை, ஆனால் நாள் கணக்கில், வார கணக்கில் பார்த்தால் பலன் தெரிவதில்லை. காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டு நடப்பது உங்களுக்குச் சௌகரியம் என்றால் நடங்கள். தலை சுற்றுகிறது என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு நடங்கள்.

தொடங்குபவரின் ஒரு வாரம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோவும், இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. அலுவலக வேலை பார்க்கும், நாற்பது வயதை ஒட்டிய, இதுவரை எதுவும் செய்யாத ஒருவரை மனத்தில் வைத்து, தொடக்க அளவு ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம்; நடையை மெல்லக் கூட்டி 150 நிமிடத்தைப் பிறகு எட்டிக்கொள்ளலாம்.

திங்களும் வியாழனும் எடைப் பயிற்சி, முக்கால் மணி நேரம். செவ்வாய், புதன், சனி மூன்று நாளும் 30 முதல் 40 நிமிட விரைவு நடை. ஞாயிறு குடும்பத்தோடு வெளியே போனாலும் வீட்டு வேலை பார்த்தாலும் சரி. வெள்ளி ஓய்வு. இரண்டு எடைப் பயிற்சிக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போய் உடல் பழகியதும் சனிக்கிழமையை மூன்றாவது எடைப் பயிற்சி நாளாக்கி, அதன் முடிவில் இருபது நிமிட நடையைச் சேர்க்கலாம்.

எடைப் பயிற்சி நாளில் நெஞ்சுக்கு ஒன்று, கைக்கு ஆறு என்று தனித்தனி இயந்திரங்களைச் சுற்றிவர வேண்டாம். உடல் அன்றாடம் செய்யும் அசைவுகள் ஐந்தைப் பழகினால் ஏறக்குறைய எல்லாப் பெரிய தசைகளும் வேலை பார்த்துவிடும். முதலாவது உட்கார்ந்து எழுவது, அதாவது ஸ்குவாட். ஒரு நாற்காலியின் முன் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, நாற்காலியில் பட்டதும் கையை ஊன்றாமல் எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால்கள் உள்நோக்கி மடங்கக் கூடாது. இது எளிதானதும் நெஞ்சோடு ஒரு 5 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு செய்யலாம்.

இரண்டாவது, இடுப்பிலிருந்து குனிந்து தரையில் இருப்பதைத் தூக்குவது. டெட்லிஃப்ட் என்று அஞ்ச வைக்கும் பெயரில் வழங்கும் இது, சிலிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கும் அதே அசைவு. முதுகு வளையாமல் நேராக இருக்க, இடுப்பு கீல்போல மடங்க வேண்டும். சுமை காலை ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். ஐந்திலும் கற்றுக்கொள்ளப் பொறுமை தேவைப்படுவது இதற்குத்தான். முதல் சில வாரங்கள் சுமை இல்லாமலே, கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பழகுவது நல்லது. நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் அவருக்குக் கொடுக்கும் பணத்தை இதைக் கற்றுக்கொள்ளச் செலவிடுங்கள்.

மூன்றாவது தள்ளுவது: தண்டால். தரையில் எடுக்க முடியாதவர் சுவரிலோ சமையல் மேடையிலோ கையை ஊன்றி எடுக்கலாம். வலு ஏற ஏறக் கை ஊன்றும் இடம் தாழ்ந்துகொண்டே வரும். நான்காவது இழுப்பது: ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் டம்பெல்லை விலாவை நோக்கி இழுப்பது. நாள் முழுக்கக் கணினி முன் கூனிக்கிடக்கும் தோள்களுக்கு இது பெரிய ஆறுதல். ஐந்தாவது, இரண்டு கையிலும் கனமான பைகளோடு நிமிர்ந்து நடப்பது. பிடியும் வயிற்றுத் தசையும் ஒன்றாக வலுப்பெறும்.

ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை செய்தால் ஒரு செட். இரண்டு செட்டில் தொடங்கி, சில வாரங்களில் மூன்று செட்டுக்குப் போகலாம். சுமந்து நடப்பதை மட்டும் முறைக்குப் பதிலாக அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டுகளுக்கு இடையே ஒன்று முதல் இரண்டு நிமிட ஓய்வு. எவ்வளவு கனம் என்பதற்கு எளிய அளவுகோல்: செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிற்க வேண்டும். இருபது முறை செய்ய முடிந்தால் சுமை போதாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

எடைப் பயிற்சியின் உயிர் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. எல்லா செட்டிலும் 12 முறை சிரமமின்றி வந்துவிட்டால் சுமையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிகாகோவில் ராணுவ மருத்துவராக இருந்த தாமஸ் டிலோர்ம், காயப்பட்ட வீரர்களின் முழங்காலுக்கு இப்படிப் படிப்படியாகச் சுமையைக் கூட்டிக் கொடுத்து, அதுவரை வழக்கத்தில் இருந்த மென்மையான பயிற்சிகளைவிட விரைவாக அவர்களைத் தேற்றினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை அங்கிருந்து பரவியது. ஜிம்மில் மூன்று ஆண்டுகளாக அதே 5 கிலோ டம்பெல்லைத் தூக்குகிறவருக்கு மாற்றம் வராததற்குக் காரணமும் இதுதான். ஒரு சிறிய நோட்டில் தேதி, சுமை, முறை மூன்றையும் எழுதி வையுங்கள். முதல் சில வாரங்களில் வலு வேகமாகக் கூடும். நரம்புகள் தசையை முழுதாக இயக்கப் பழகுவதால் வருவது அது. தசை அதற்குப் பிறகு மெல்லத்தான் வளரும்.

நடை நாட்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான வேகம். 220இல் வயதைக் கழித்து வரும் இதயத் துடிப்பு எண் ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு வரை எளிதாக மாறும் என்பதால், கைக்கடிகாரத்தைவிடப் பேச்சுச் சோதனை நம்பகமானது. முப்பது நொடி வேகம், முப்பது நொடி ஓய்வு என்ற இடைவெளிப் பயிற்சி நேரத்தை மிச்சப்படுத்தும், கொழுப்பு இழப்பில் சாதாரணக் கார்டியோவை மிஞ்சிவிடாது. மூட்டுகள் பழகும்வரை அதைத் தள்ளி வைக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நடையை ஆறு மணிக்கு முன்போ மாலை இருட்டிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் இருப்பது

இரண்டு பயிற்சியும் சரியாக நடந்து எடை குறையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் தட்டில் இருக்கும். நாளுக்கு 300 முதல் 500 கலோரி பற்றாக்குறை போதும். வாரத்துக்கு அரை கிலோவுக்குள் இறங்குவது தசைக்கு நல்லது. சோற்றின் அளவை ஒரு கரண்டி குறைத்து, பொரியலைக் கூட்டி, தாளிக்கும் எண்ணெயை அளந்து ஊற்றினாலே பெரும்பகுதி வந்துவிடும்.

குறைக்கக் கூடாதது புரதம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 90 கிராம். நம் சாப்பாட்டில் இது தானாக வராது, ஏனென்றால் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 27 கிராம் அளவு, பன்னீர் 100 கிராமில் 18, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 அல்லது 13, ஒரு டம்ளர் பாலில் 8. சோயா உருண்டையில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் சைவர்களுக்கு அது மலிவான நல்ல துணை. மூன்று வேளையும் தட்டில் புரதம் எது என்று கேட்டுப் பழகினால் போதும், புரத மாவு டப்பா கட்டாயம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எப்போது மருத்துவர், எப்போது அளவு நாடா

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். மருந்தின் அளவைப் பற்றிப் பேசிவிட்டு, கையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். முதல் வாரத்தில் பயிற்சி முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் நோவு இருப்பது இயல்பு, மெல்ல நடந்தால் தணியும். மூட்டுக்குள் குத்துவது போன்ற கூர்மையான வலி இயல்பானதல்ல.

எடைப் பயிற்சி தொடங்கிய முதல் மூன்று நான்கு வாரங்களில் இயந்திரத்தில் எண் நகராமல் இருக்கலாம், சற்றுக் கூடவும் செய்யலாம். புதிதாக உழைக்கும் தசை தண்ணீரையும் கிளைகோஜனையும் சேர்த்து வைத்துக்கொள்வதால் இப்படி நடக்கிறது. பலர் மனம் உடைந்து விட்டுவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். ஆகவே தினமும் எடை பார்ப்பதற்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில், சாப்பிடும் முன், தொப்புளுக்கு நேரே அளவு நாடாவைச் சுற்றி இடுப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். சுமை ஏறிக்கொண்டும் இடுப்பு இறங்கிக்கொண்டும் இருந்தால் எடை எப்படி இருந்தாலும் எதையும் மாற்ற வேண்டாம். இடுப்பு தொடர்ந்து ஆறு வாரம் நகரவில்லை என்றால் முதலில் சாப்பாட்டு அளவைப் பாருங்கள், பிறகு நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள். தூக்கும் சுமை வாரத்துக்கு வாரம் இறங்குகிறது, தூக்கம் கெடுகிறது, எப்போதும் சோர்வாக இருக்கிறது என்றால் பற்றாக்குறை அளவு மீறிவிட்டது என்று பொருள். ஒரு வாரம் நடையைப் பாதியாக்கி, புரதத்தையும் கொஞ்சம் சோற்றையும் கூட்டி, பழைய சுமைக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள்.